பிள்ளையின் கட்டிக்கு எம்.வை.சி.என் பரிசோதனை: தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம். வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். அக்கான்ட மகளுக்கு 2 வயது. வயிற்றுக் கட்டி நியூரோபிளாஸ்டோமா (சின்னப் பிள்ளையளுக்கு வாற ஒரு நரம்புக் கலப் புற்றுநோய்) எண்டு பயொப்சியில வந்திட்டுது. இனி கட்டிக் கலங்களில எம்.வை.சி.என் (MYCN) எண்ட மரபணுவின்ட பிரதிகள் பெருகியிருக்கோ எண்டு பார்க்க வேணுமாம். பெருகியிருந்தா சிகிச்சை கடுமையாகும், அதால இதை அவசரப்பட்டுப் பிழையாச் செய்ய விருப்பமில்லை.

வாசிச்சு விளங்கினது இவ்வளவுதான். ஃபிஷ் (FISH) முறையில மரபணுவில ஒளிரும் சாயத்தை ஒட்டவைச்சு, ஒவ்வொரு கலத்திலயும் ஒளிரும் புள்ளிகளை எண்ணுறாங்கள். 2ஆம் நிறமூர்த்தத்தின்ட ஒப்பீட்டுப் புள்ளிகளை விட எம்.வை.சி.என் புள்ளிகள் 4 மடங்குக்கு மேல இருந்தா பெருக்கம். பிசிஆர் (PCR), எம்.எல்.பி.ஏ (MLPA) எண்ட மற்ற இரண்டு முறையும் மாதிரியில இருந்து எடுத்த டிஎன்ஏயை அளக்கிறதால முழு மாதிரியின்ட சராசரியைத்தான் காட்டும். கட்டிக் கலங்களோட சாதாரண கலங்கள் கனக்கக் கலந்திருந்தா பெருக்கம் மறைஞ்சுபோகலாம். கட்டியில ஒரு பகுதி மட்டும் பெருகியிருந்தாலும் ஃபிஷ்ஷில பிடிபடும். எனக்கு மனம் ஃபிஷ்ஷிலதான் நிக்குது.

எங்களிட்ட இருக்கிறது பரஃபின் கட்டை (மெழுகில பதிச்சு வைச்ச பயொப்சித் துண்டு) மட்டும். கொழும்பில ஃபிஷ் செய்யிற ஆய்வுகூடம் எது? இந்தியாவுக்கு அனுப்பினவை இருக்கிறீங்களா? கட்டையையே குடுத்தீங்களா, வெட்டின சிலைட்டுகளையா? முடிவு வர எத்தனை நாள், காசு எவ்வளவு முடிஞ்சது?

ஆய்வுகூடத்தில வேலை செய்யிற அண்ணாமார், அக்காமார் ஆராவது இருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ. அக்கா இரவில நித்திரை கொள்ளுறேல்லை.