கடலுக்குள் ஓடும் செயலி: 4 லட்சம் புள்ளிகளை எப்படிச் சேமிப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். குளச்சலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் மீனவர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கி வருகிறேன். கடலடிப் பார்கள் (மீன் கூடும் பாறைத் திட்டுகள்) எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று அது காட்ட வேண்டும். கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். ஆகவே தரவு முழுவதும் கைபேசிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இப்போது சுமார் 4 லட்சம் புள்ளிகள் ஒரே ஜேசன் கோப்பில் (தரவை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) கிடக்கின்றன. செயலியைத் திறந்ததும் அத்தனையும் நினைவகத்தில் ஏறுகிறது. போன வாரம் மாமா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். திரை வெள்ளையாகவே நின்று, பிறகு மூடிக்கொண்டது. "பார் ஒன்றும் தெரியவில்லையே மக்களே" என்றார். மனது கேட்கவில்லை.

கைபேசிக்குள்ளேயே இயங்கும் சிறிய தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்கு மாறப் போகிறேன். அட்டவணையில் வேண்டிய வரிசைகளை மட்டும் எடுக்கலாம். எழுதும்போது சார்ஜ் தீர்ந்தாலும் தரவு பாதியில் சிதையாது. படங்களைத் தனிக் கோப்புகளாகவே வைப்பேன், ஏனென்றால் ஒரு வரிசை 2 எம்பியைத் தாண்டினால் ஆண்ட்ராய்டு படிக்கும்போதே தடுமாறுகிறது.

என் குழப்பம் தேடலில்தான். படகைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் புள்ளிகளை எடுக்க, அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் சாதாரண இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற பட்டியல்) போதுமா? கடலைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட எண்ணுக்கு இன்டெக்ஸ் போடுவது மேலா? அல்லது இடத்தை வைத்துத் தேடுவதற்கென்றே உள்ள இன்டெக்ஸான ஆர்-ட்ரீயுடன் எஸ்கியூலைட்டைச் செயலிக்குள் சேர்த்தே கட்டிவிடலாமா? 2 ஜிபி ரேம் உள்ள பழைய கைபேசிகளில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 1 முதல் மேற்குக் கரையில் 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதே இதை முடித்துக் கொடுக்க வேண்டும்.