50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டயர் சென்சார் ஊமையாகிவிடுகிறது, உதவுங்கள்

நொய்யல்கரை:

வணக்கம். அப்பாவின் பழைய ஹேட்ச்பேக் காருக்கு, டயரின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் கருவியை நானே செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மாத வேலை. எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரு கோளாறு வந்து நிற்கிறது, காரணம் பிடிபடவில்லை.

இதில் இறங்கியதற்கு ஒரு சம்பவம் உண்டு. சென்ற சித்திரையில் சேலம் போகும்போது பின்பக்க இடது டயரில் வால்வு வழியாகக் காற்று மெல்லக் கசிந்திருக்கிறது. உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியவே இல்லை. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அப்பா டயரின் பக்கச்சுவரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அளந்தால் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 17தான் இருந்தது. பின் இருக்கையில் அம்மாவும் பாட்டியும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருவியின் அமைப்பு: ஏடிமெகா328 என்ற குட்டிக் கணினிச் சிப், 14 பார் வரை அளக்கும் அழுத்த-வெப்ப சென்சார், 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ஹோல்டரில் செருகிய சிஆர்2032 பட்டன் செல். எல்லாம் சேர்த்து 24 கிராம். டயருக்குள்ளே, ரிம்மின் நடுப்பள்ளத்தில் ஸ்டீல் பட்டையால் கட்டியிருக்கிறேன். 8 நொடிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். இப்போதைக்கு ஒரு சக்கரத்தில் மட்டும் பொருத்தியிருக்கிறேன்.

மேசையில் நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்கிறது. தெருவுக்குள் ஓட்டினாலும் சரியாக வருகிறது. வேகம் 50-ஐத் தாண்டியதும் ஒரு தகவலும் வருவதில்லை. வண்டியை மெதுவாக்கினால் சிறிது நேரத்தில் தானாகவே திரும்பி வருகிறது. ரிசீவரை மாற்றிவிட்டேன், ஆன்டெனாவின் நீளத்தையும் சரிபார்த்துவிட்டேன். எதுவும் மாறவில்லை.

பழைய ரேடியோ:

முதலில் ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டேன். இரும்பு ரிம், டயருக்குள் ஸ்டீல் கம்பிப் பின்னல், எதிரே காரின் தகரம். சக்கரம் சுழலும்போது சில கோணங்களில் அலை வெளியே வரவே வராது. ஆனால் அப்படியானால் பத்தில் மூன்று நான்கு தகவல்கள்தான் தவறும். மொத்தமாக நின்றுபோவது பொருந்தவில்லை.

அடுத்தது செல். சிஆர்2032 புதியதாக இருந்தாலும் உள்மின்தடை 10 முதல் 20 ஓம் வரை இருக்கும். அனுப்பும் நேரத்தில் 25 மில்லிஆம்பியர் இழுத்தால் கால் முதல் அரை வோல்ட் வரை விழும். உங்கள் சிப்பில் குறைமின்னழுத்தக் காவல், அதாவது மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் ஏற்பாடு, 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தால் அங்கேயே ரீசெட் ஆகிவிடும். செல்லுக்குக் குறுக்கே, சிறிது மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு தகவலிலும் வரிசை எண் அனுப்புகிறீர்களா? மறுபடி உயிர் பெறும்போது எண் தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா? அதைச் சொல்லாமல் யாரும் சரியான பதில் தர முடியாது.

நொய்யல்கரை:

வரிசை எண்ணைச் சேர்த்தேன். கூடவே, ரீசெட் எதனால் நேர்ந்தது என்று சிப் குறித்துவைக்கும் பதிவகத்தையும் படித்து அனுப்பச் செய்தேன். நேற்று இரவு ஓட்டியதில் 41, 42, 43 என்று வந்து நின்றது. வேகம் குறைந்ததும் 44 வரவில்லை. 1 வந்தது. அப்படியென்றால் சிப் புதிதாக எழுந்திருக்கிறது. பதிவகத்தில், மின்சாரம் புதிதாக வந்ததைக் குறிக்கும் பவர்-ஆன் பிட் ஏறியிருக்கிறது.

100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வைத்தேன். மேசையில் அனுப்பும்போது மின்னழுத்தம் விழுவது கண்கூடாகக் குறைந்தது. சாலையில் பழைய கதைதான்.

பழைய ரேடியோ:

பவர்-ஆன் பிட் என்பது முக்கியமான செய்தி. செல்லின் மின்னழுத்தம் 2.7-க்குக் கீழே போய்த் திரும்பியிருந்தால் குறைமின்னழுத்த பிட் மட்டும் ஏறியிருக்கும். பவர்-ஆன் பிட் ஏற வேண்டுமானால் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமாகவே போயிருக்க வேண்டும். யாரோ செல்லைக் கழற்றி மாட்டியதுபோல. ரேடியோவையும் நிரலையும் இனி விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பட்டறைக்காரன்:

தம்பி, செல்லைக் கழற்றுவது உங்கள் சக்கரமேதான். முப்பது வருடம் பம்ப் மோட்டார் பட்டறையில் சுழலும் சாமான்களோடு புழங்கியவன் சொல்கிறேன்.

14 அங்குல ரிம் என்றால் உங்கள் பெட்டி அச்சிலிருந்து சுமார் 17 செ.மீ. தள்ளி இருக்கும். டயரின் ஆரம் 29 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 கி.மீ. வேகத்தில் பெட்டி உணரும் விசை புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு. 100 கி.மீ. வேகத்தில் 160 மடங்கு, ஏனென்றால் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். உங்கள் செல் 3 கிராம். 50-இல் அது 120 கிராம் எடைபோல் வெளிப்பக்கமாகத் தள்ளும். 100-இல் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ஹோல்டரில் இருப்பதோ மெல்லிய தகட்டு ஸ்பிரிங். செல் அதை வளைத்துக்கொண்டு வெளிப்பக்கம் நகரும், அடியில் இருக்கும் முனையை விட்டுப் பிரியும். மின்தேக்கியில் மிச்சமிருப்பது அடுத்த முறை அனுப்பும்போது தீர்ந்துவிடும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் செல்லைப் பழைய இடத்தில் உட்காரவைக்கும், சிப் எழும்.

சந்தேகமிருந்தால் சாலைக்குப் போக வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கர ரிம்மில் பெட்டியை இறுக்கிக் கட்டி, எதிர்ப்பக்கம் சம எடை வைத்து, பெடலைக் கையால் சுற்றுங்கள். 28 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 330 சுற்று சுற்றினால் அதே 40 மடங்கு விசை கிடைக்கும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண சைக்கிளில் பெடலை நிமிடத்துக்கு 135 முறை சுற்ற வேண்டும். பிள்ளைகளையும் முகத்தையும் சக்கரத்தின் தளத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

நொய்யல்கரை:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பாட்டியின் பழைய கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கைச் சேர்த்து, 8 நொடிக்குப் பதில் அரை நொடிக்கு ஒருமுறை மின்னும்படி மாற்றினேன். மெதுவாகச் சுற்றினால் சிவப்புப் புள்ளிகள் வட்டத்தில் ஓடின. வேகத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளிகள் இருந்துகொண்டே வந்தன, ஒரு கட்டத்தில் அணைந்தன. பெடலை விட்டேன். சக்கரம் தளர்ந்ததும் புள்ளி மீண்டும் வந்தது. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அதேதான்.

பட்டன் செல்லில் நேரடியாக ஒயரை சால்டர் செய்துவிடலாமா?

ஓய்வுபெற்ற பட்டறைக்காரன்:

வேண்டவே வேண்டாம். சூட்டில் செல் வெடிக்கும். தொழிற்சாலையிலேயே தகட்டுக் கால்கள் வெல்டு செய்யப்பட்ட செல் கிடைக்கிறது, அந்தக் கால்களைப் போர்டில் சால்டர் செய்யுங்கள். செல் போர்டுக்கும் அச்சுக்கும் நடுவில் வரும்படி திருப்பி வையுங்கள். அப்போது விசை செல்லைப் போர்டின்மேல் அழுத்தும், பிரிக்காது. பிறகு முழுவதையும் எப்பாக்சியால் நிரப்புங்கள், அழுத்த சென்சாரின் துளையை மட்டும் திறந்து விடுங்கள். 100 கி.மீ. வேகத்தில் 24 கிராம் பெட்டி நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம். பட்டை அதைத் தாங்க வேண்டும். வீல் பேலன்சிங் செய்யாமல் ஓட்டாதீர்கள்.

பழைய ரேடியோ:

செல்லின் வகையையும் மாற்றுங்கள். சாதாரண சிஆர்2032-ஐ 60, 70 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது. டயருக்குள் வைப்பதற்கென்றே 125 டிகிரி தாங்கும் லித்தியம் செல்கள் உண்டு.

அளவிலும் ஒரு திருத்தம். உங்கள் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து முழு அழுத்தத்தை அளக்கிறது. அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7 பிஎஸ்ஐ-ஐ நிலையாகக் கழித்தால் கோவையில் சிறு பிழைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றரை பிஎஸ்ஐ குறைவு. டயர் சரியாக இருக்கும், கருவி குறைவாகக் காட்டும். ரிசீவர் பக்கம் ஒரு காற்றழுத்த சென்சார் வைத்து அதைக் கழியுங்கள்.

டயர்க்கடைக்காரன்:

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள், ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கோடையில் காற்றைக் குறைத்து அடிக்கச் சொல்லித் தினமும் யாராவது என் கடைக்கு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. சேலம் சாலையில் உங்கள் அப்பா கை வைத்த இடம் அதுதான். ஓட்டம் முடிந்து சூடாக இருக்கும்போது அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்கவும் கூடாது. கதவோரத் தாளில் உள்ள எண், குளிர்ந்த டயருக்கானது. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்தக் கருவி கட்டாயம். குறித்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். உங்களுடையதில் அதற்கு முன்பே எரியவிடுங்கள் என்பேன், 28-இலேயே.

நொய்யல்கரை:

எல்லோரும் சொன்னபடி நான்கு பெட்டிகள் செய்து, பேலன்சிங் முடித்து, இன்று காலை சேலம் சாலையில் 60 கி.மீ. ஓட்டினேன். 90 வரை போயும் வரிசை எண் ஒன்றுகூட விடுபடவில்லை.

கிளம்பும்போது எல்லாம் 29 டிகிரி, 33.0 பிஎஸ்ஐ. முடிவில் மூன்று டயர்களில் 46 டிகிரி, 35.6. முன் இடதில் மட்டும் 54 டிகிரி, ஆனால் அழுத்தம் 35.8. இந்த ஒரு சென்சார் தவறாகக் காட்டுகிறதா?

பழைய ரேடியோ:

17 டிகிரி ஏறினால் கணக்குப்படி 2.6 பிஎஸ்ஐ கூட வேண்டும், கூடியிருக்கிறது. முன் இடதில் காற்றே 54 டிகிரி என்றால் 36.9 வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே காற்று அந்த அளவு சூடாகவில்லை, சென்சார் ஒட்டியிருக்கும் ரிம்தான் சூடாகியிருக்கிறது. ரிம்முக்குச் சூடு பிரேக்கிலிருந்து வரும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

நொய்யல்கரை:

தூக்கிச் சுற்றினேன். வலது சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றியது. இடது அரைச் சுற்றில் உரசிக்கொண்டு நின்றது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி, கிரீஸ் வறண்டு இறுகியிருந்தது. சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து மாட்டினோம். மாலையில் அதே தூரம் ஓட்டியபோது நான்கும் 45, 46-க்குள் இருந்தன. அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து வழி முழுவதும் அந்த நான்கு எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.