மறு: டபுள் பார்க்கிங் – அணைநிறுத்தம் சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நிக்கிற காடிய (கார) மறிச்சு இன்னொரு காடிய நிறுத்துற டபுள் பார்க்கிங்குக்கு நம்ம சொல் பட்டியல்ல என்ன தமிழ்ச் சொல்லு போடலாம்னு பேச்சு வந்ததுல, பினாங்கு அண்ணன் "இரட்டை நிறுத்தம்"னு போட்டிருந்தத பார்த்தேன். அண்ணே கோவிச்சுக்காதீங்க, அது பரீட்சைத் தாளுக்குத்தான் ஆகும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல துன் சம்பந்தன் சாலையில காடிய எடுக்க முடியாம வெயில்ல நிக்கிறவன் வாயில வராது. ரெண்டு காடி நிக்குதுங்கிறதா பிரச்சன? ஒருத்தன் இன்னொருத்தன வெளிய விடாம பண்ணிட்டு உள்ள உக்காந்து ரொட்டி சானாய் பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கான், சொல்லு அதத்தான் சொல்லணும்.

என் பங்குக்கு: அணைநிறுத்தம். அணைன்னா தண்ணிய மறிச்சுக் கட்டுறது, அணைக்கிறதுன்னா ஒட்டிக் கட்டிப்பிடிக்கிறது, இஞ்சின அணைக்கிறதும் அதே சொல்லுதான், இந்த மூணையும் அந்த ஆளு ஒரே நேரத்துல செஞ்சிட்டுப் போறான் பாருங்க. வினைச்சொல்லாவும் நல்லா வளையுது: "எவனோ என்ன அணைச்சுட்டுப் போயிட்டான், வர லேட்டாகும்." (இத அப்படியே வீட்டுக்கு அனுப்புனா வேற பஞ்சாயத்து ஆகிடும்னு கிள்ளான் அக்கா எழுதியிருக்காங்க. நியாயந்தான். "காடிய அணைச்சுட்டான்"னு முழுசா சொல்லிக்கலாம்.)

வகையும் பிரிக்கணும். டாஷ்போர்ட்ல போன் நம்பர் எழுதி வெச்சிட்டுப் போற நல்ல மனுசன் போட்டது எண்ணணை. அபார்ட்மென்ட் பக்கம் ஹேண்ட்பிரேக் போடாம கியர நியூட்ரல்ல விட்டுட்டுப் போவாங்களே, அது தள்ளணை. காலையில ஆபீஸ் சட்டையோட பூட்ல ரெண்டு கையும் வெச்சு முக்கித் தள்ளணும், நகர ஆரம்பிச்சதும் ஓடிப் போய் முன்னால பிடிக்கணும், இல்லாட்டி அடுத்தவன் பம்பர்ல போய் முத்தம் குடுத்துடும். நம்பரும் கிடையாது நியூட்ரலும் கிடையாது, ஹேண்ட்பிரேக்க இறுக்கி ஸ்டியரிங் லாக்கும் மாட்டியிருந்தா அது கல்லணை. கரிகாலன் கட்டுனது காவேரியில இன்னும் நிக்குது, இதுவும் லேசுல நகராது.

அப்புறம் ஒண்ணு விட்டுப்போச்சு. நாம ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்ச பிறகு ஒருத்தர் வருவாரு, முதல் நாலடி மட்டும் ஓட்டம் அப்புறம் நடை, ஒரு கையில தப்பாவ் (பார்சல்) பொட்டலம், அதே கை விரல்ல தே தாரிக் (இழுத்து ஆத்துன டீ) பை ஆடிக்கிட்டே வரும், இன்னொரு கைய காது வரைக்கும் தூக்குவாரு ஆனா மூஞ்சிய மட்டும் நம்ம பக்கம் திருப்ப மாட்டாரு. அந்தக் கைக்குப் பேரு மன்னிக்கை. அறிக்கை, கோரிக்கை மாதிரியே இருக்கு, கையும் உள்ளயே இருக்கு.

இதெல்லாம் விளையாட்டு, கலைச்சொல்லே இல்லன்னு ரெண்டு பேரு எழுதியிருக்கீங்க. மலேசியாவோட 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல இருக்கிற மாதிரி "இடையூறு"ன்னே சொல்லிட்டுப் போகலாமேன்னும் ஒரு யோசன. இடையூறுன்னா மாடு குறுக்க நின்னாலும் இடையூறுதான லா. வெள்ளை சோயாபால்ல சிஞ்சாவ்ங்கிற கருப்பு ஜெல்லி போட்டத மைக்கேல் ஜாக்சன்னு எந்தக் குழு கூடி முடிவு பண்ணுச்சு? நெஸ்கஃபேயும் மைலோவும் சேர்ந்து நெஸ்லோ ஆனதுக்கு யாரு தீர்மானம் போட்டா? கடையில கத்தி ஆர்டர் பண்ண சுலபமா இருந்துச்சு, நின்னுடுச்சு. அதுக்காக உக்காந்து யோசிச்ச சொல்லு நிக்காதுன்னும் இல்ல, இணையம்ங்கிறது சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி குடுத்தது, இன்னிக்கு அது இல்லாம ஒரு வரி எழுத முடியுதா? ஆனா வாட்சாப்புக்கு வெச்ச புலனத்தப் பாருங்க, அழைப்பிதழ்ல புலன எண்ணுன்னு அழகா அச்சடிக்கிறோம், வாயத் தொறந்தா "வாட்சாப் பண்ணு"தான் வருது. கோவத்துல வாயில வருதான்னு பார்க்கணும், எனக்கு அது ஒண்ணுதான் அளவுகோல். கல்லணை வரும்னு நினைக்கிறேன், தள்ளணை கொஞ்சம் சந்தேகம்.

வெள்ளிக்கிழமைக்குள்ள யாரும் மறுக்கலன்னா அஞ்சையும் பட்டியல்ல ஏத்திடுறேன். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தம் இருக்கிறவங்களுக்கு கல்லணை மேல வருத்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.