புதுப்பிப்பு: பட்டைகளை ஒட்டிச் செய்யும் விமான ஸ்பார், முதல் சோதனை தோல்வி

நான் கட்டும் விமானத்தின் இறக்கைக்கு முழு நீளத்தில் குறையில்லாத ஸ்ப்ரூஸ் மரப் பலகை கிடைக்கவில்லை, மெல்லிய பட்டைகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டி ஸ்பார் (இறக்கையின் பாரத்தைத் தாங்கும் நீள உத்தரம்) செய்யலாமா என்று கேட்டிருந்தேன். செய்யலாம், மரத்தின் தரம் குறையாமல் இருந்தால். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் கையேடு ஏசி 43.13-1பி செவ்வக ஸ்பாருக்கு அதை அனுமதிக்கிறது. மர ரேகையின் சாய்வு 15-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது, அதாவது 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ரேகை விலகக்கூடாது. இதற்காகவே மூன்று பட்டைகளை ஒதுக்கினேன், வயிறு எரிந்தது.

மாதிரித் துண்டு ஒன்றை ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் உளியை வைத்துப் பிளந்தேன். மரம் கிழிந்து, இரு பக்கமும் நார் ஒட்டியிருக்க வேண்டும். எனக்கோ பசை கண்ணாடி மாதிரி வழவழவென்று பிரிந்து வந்தது. தப்பு என்னுடையதுதான். ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தேன். அந்தத் தூள் மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். போதாக்குறைக்கு கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கிப் பசையையெல்லாம் வெளியே பிதுக்கிவிட்டேன். ரிசார்சினால் என்ற இன்னொரு மரப் பசைக்குத்தான் அந்த அழுத்தம், எபாக்ஸிக்கு வேண்டாம்.

இரண்டாவது துண்டுக்குக் கூரான இழைப்புளி மட்டும், அன்றே ஒட்டினேன். இப்போது மரம்தான் கிழிகிறது. ஸ்பாரின் ஒவ்வொரு ஒட்டுக்கும் அதே பசைக் கலவையில் ஒரு மாதிரித் துண்டு எடுத்து வைக்கிறேன். வால் பகுதி அப்படியே கிடக்கிறது, கேட்காதீர்கள்.