நிச்சய மோதிரத்துக்கு 2 காரட்: லேப் கல்லா, சுரங்கக் கல்லா?

செம்பனைத்தோட்டம்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு ஒற்றைக்கல் வைர மோதிரம், கல் பெரிதாக இருக்க வேண்டும். பட்ஜெட் 20,000 வெள்ளி (ரிங்கிட்). ஒரு கடையில் 2 காரட் லேப் வைரம் (ஆய்வகத்தில் வளர்த்த வைரம்), 916 தங்கத்தில், 18,000 என்கிறார்கள். சுரங்கக் கல் என்றால் அந்தப் பணத்துக்கு 1 காரட் பக்கம்தான் வருமாம். பெண் செம்பனை நாற்றங்காலில் வேலை செய்கிறார், நாள் முழுக்கக் கையுறை. எதை வாங்கலாம்?

கணக்குப்பிள்ளை
லேப் கல்லை வாங்க வேண்டாம். இன்று கொடுக்கும் விலைக்கு நாளைக்கு அடித்தளமே இல்லை. வைர நிறுவனமான டி பீர்ஸ் 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் கல்லைக் காரட் 800 டாலருக்கு இறக்கியபோதே விலை சரியத் தொடங்கிவிட்டது. 2025-ல் அந்த வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தார்கள். உலையில் எவ்வளவு வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்னும்போது விலை எப்படி நிற்கும்? மருமகளுக்குப் போடுவது தலைமுறைக்கும் இருக்க வேண்டிய பொருள். 1 காரட் சுரங்கக் கல்லே போதும்.

வெள்ளைக்கல்
அண்ணே, சுரங்கக் கல்லை மட்டும் வாங்கின விலைக்கு யார் திருப்பி எடுக்கிறார்கள்? அடகுக் கடையில் பெரும்பாலும் கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்தைத்தான் எடை போடுவார்கள். விற்கப் போனாலும் கடைக்காரர் மொத்த விலையிலிருந்து கீழேதான் பேச்சைத் தொடங்குவார். சேமிப்பு வேண்டுமென்றால் அதற்குத் தங்கக் காசு இருக்கிறது. லேப் கல்லும் அதே கரிமப் படிகம், அதே கடினம், அதே பளபளப்பு.

ஆனால் தம்பி, 18,000 என்பது அநியாய விலை. ஒரே அளவு, ஒரே தரத்தில் 2 காரட் சுரங்கக் கல்லோடு ஒப்பிட்டால் லேப் கல் இப்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது. கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

பட்டறைமேசை
இரண்டு பேரும் காரட்டைப் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். காரட் என்பது எடை, 0.2 கிராம். கண்ணுக்குத் தெரிவது மேலிருந்து பார்க்கும் விட்டம். நன்றாகப் பட்டை தீட்டிய வட்டக் கல் 1 காரட்டுக்கு 6.5 மி.மீ., 2 காரட்டுக்கு 8.1 அல்லது 8.2. எடை இரட்டிப்பானாலும் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது.

மோசடி நடப்பது ஆழத்தில். பட்டை தீட்டுபவர் எடையைக் காப்பாற்ற அடிப்பக்கத்தைக் கனமாக விட்டுவிடுவார். 2 காரட் கல்லின் உயரம் விட்டத்தில் 60.5 சதவீதம் என்றால் விட்டம் 8.15 வரும். 66.5 சதவீதம் என்றால் 7.9 தான். அது நல்ல பட்டையில் 1.82 காரட் காட்டும் அகலம். 2 காரட்டுக்குக் காசு கொடுத்து 1.82-ஐ வாங்கின கதை. வெளிச்சமும் அடியால் ஒழுகிவிடும், நடுவில் கறுப்பாகத் தெரியும். அடிப்பக்கம் மிகவும் தட்டையாக இருந்தாலும் கெடுதல்தான்: மேசைப் பட்டைக்குள், அதாவது கல்லின் உச்சியில் உள்ள தட்டையான பட்டைக்குள், மீன் கண் மாதிரி வெள்ளை வளையம் தெரியும்.

வட்டக் கல்லுக்கு நான் ஏற்கும் அளவு: உயரம் 59 முதல் 62.5 சதவீதம், மேசைப் பட்டை 54 முதல் 58, மேல் கோணம் 34 முதல் 35 பாகை, அடிக்கோணம் 40.6 முதல் 41. மோதிரத்தில் ஏற்கெனவே பதித்த கல்லானால் விட்டம் × விட்டம் × உயரம் × 0.0061, எல்லாம் மி.மீ. கணக்கில். கிட்டத்தட்ட காரட் வந்துவிடும்.

இன்னொன்று, சுரங்கக் கல்லில் 1.00, 1.50, 2.00 எனும் எண்களில் விலை தாண்டிக் குதிக்கும். 0.92 கிடைத்தால் விடாதீர்கள், விரலில் வித்தியாசம் தெரியாது.

ஜாகர்பிரியன்
நம் ஆட்கள் ப்ளூ ஜாகர் கேட்பார்களே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. நீல ஒளிர்வு இருக்கிற கல், அதாவது புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும் கல், நம்மூர் வெயிலில் தனி அழகு.

பட்டறைமேசை
ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த பேச்சு. 1893-ல் எக்செல்சியர் என்ற பெரிய வைரம் கிடைத்த சுரங்கம் அது. இன்று கடையில் சொல்லும் ப்ளூ ஜாகர் எந்த ஆய்வகமும் கொடுக்கிற தரம் இல்லை. ஜி.ஐ.ஏ. என்ற வைர ஆய்வகத்தின் சான்றிதழ்த் தாளில் ஒளிர்வு என்ற வரியைப் பாருங்கள். லேசான மஞ்சள் சாயல் உள்ள ஐ, ஜே நிறத் தரக் கல்லுக்கு நடுத்தர நீல ஒளிர்வு வெயிலில் வெண்மை கூட்டும், விலையும் குறையும், நல்ல பேரம். மிக வலுவான ஒளிர்வில் சில கற்கள் பால் ஊற்றியது போல மங்கும். கடை விளக்கின் கீழே எந்தக் கல்லும் மின்னத்தான் செய்யும். அதனால் கல்லை அஞ்சடிக்கு (கடை முன்னுள்ள நடைபாதைக்கு) கொண்டுவந்து நிழலில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
சரி, பட்டை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேப் கல்லைச் சுரங்கக் கல் என்று விற்றால் சாதாரணக் குடும்பம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

வெள்ளைக்கல்
வெப்பம் பார்க்கும் பேனாவால் முடியாது, இரண்டையும் வைரம் என்றே காட்டும். வைரம் போலத் தெரியும் வேறு கல்லான மொய்சனைட்டைக்கூட வைரம் என்று காட்டிவிடும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் மொய்சனைட்டின் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். லேப் கல்லை அப்படிப் பிடிக்க முடியாது, ஆய்வகக் கருவிதான் வேண்டும். கல்லின் இடுப்பில் (சுற்று விளிம்பில்) பொறித்த சான்றிதழ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். லேப் கல்லில் சுரங்கக் கல்லின் எண்ணைப் பொறித்த சம்பவங்கள் உண்டு. எண்ணை ஜி.ஐ.ஏ. தளத்தில் போட்டு, அங்கே வரும் மி.மீ. அளவை இரண்டு தசமம் வரை, கல்லை அளந்து ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் புள்ளி, இறகு போன்ற கீறல் எங்கே என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் அட்டைக்குள் சீல் வைத்த கல்லைப் பிரிக்காமல் வாங்கக் கூடாது.

ரசீதில் இயற்கை அல்லது லேப் என்ற சொல், சான்றிதழ் எண், மி.மீ., தங்கத் தரம், திருப்பி எடுக்கும் சதவீதம் எல்லாம் இருக்கட்டும். ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி.

பட்டறைமேசை
எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை அந்த 916. 22 காரட் தங்கம் (இங்கே காரட் என்பது எடை அல்ல, தங்கத்தின் சுத்தம்) மெத்தென்று வளையும். வளையலுக்கு நல்லது, 2 காரட் கல்லைப் பிடிக்கும் நகத்துக்கு ஆகாது. கல்லே 4.9 மி.மீ. உயரம், கல்லைப் பதிக்கும் கட்டடத்தோடு விரலுக்கு மேல் 6, 7 மி.மீ. எழும்பும். கையுறையைக் கழற்றும்போதெல்லாம் நகத்தில் நூல் மாட்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிமிரும். ஒரு நாள் நாற்றுப் பைக்குள் கல் போய்விடும், தேடினாலும் கிடைக்காது.

வளையம் 916-ஆகவே இருக்கட்டும், வீட்டுப் பெரியவர்களுக்கு மனக்குறை வேண்டாம். கல் உட்காரும் தலைப்பகுதியை மட்டும் 750 வெள்ளைத் தங்கத்திலோ 950 பிளாட்டினத்திலோ செய்து பற்றவைக்கச் சொல்லுங்கள். நான்கு நகம் போதாது, ஆறு வேண்டும். ஆறைவிடவும் நல்லது கல்லைச் சுற்றித் தகடு அடைக்கும் கட்டடம். பின்பக்கம் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் அழுக்கு தேங்கும். வைரம் கடினம்தான், ஆனால் நான்கு திசைகளில் பிளக்கும் தளம் உண்டு. இடுப்பு மெல்லியதாக இருக்கும் கல் ஒரு தட்டில் சில்லு தெறிக்கும்.

ஜாகர்பிரியன்
தகடு அடைத்தால் கல் சின்னதாகத் தெரியுமே அண்ணே. பெரிய கல் வாங்கி அதை மறைப்பதா?

பட்டறைமேசை
தகடு 0.5 மி.மீ. கனம் வைத்தால் மறையாது. வெள்ளை உலோகமானால் கல்லோடு சேர்ந்து இன்னும் அகலமாகத்தான் தெரியும்.

செம்பனைத்தோட்டம்
அப்படியானால் அந்தக் கடையை விட்டுவிடுகிறோம். பெண் இரண்டையும் கையில் போட்டுப் பார்க்கட்டும். லேப் என்றால் 1.5 காரட், தகடு கட்டடம். விரல் அளவு எப்போது எடுக்க வேண்டும்? பிறகு பெரிதாக்கினால் கல்லுக்குச் சேதமா?

பட்டறைமேசை
சாயங்காலம், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். வெயிலில் விரல் வீங்கும், காலையில் சுருங்கும். பெரிதாக்கும்போது ஆசாரி நெருப்புக்கு முன் கல்லை நன்றாகக் கழுவி, போரிக் அமிலக் கரைசலில் முக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு சூடு பட்டால் மேல்பட்டை வெளுத்துப் பனி படிந்தது போலாகும், மறுபடி தீட்டினால்தான் போகும், எடையும் குறையும். வேலைக்குக் கொடுக்கும் முன் கல்லின் எண்ணையும் புள்ளியையும் லென்ஸில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.