மலை ஊர்களுக்கு மாற்றுப்பணி போகிறவர்களுக்கு: சித்தேரி முதல் பெட்டமுகிலாளம் வரை

ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர், அரூர்

சித்தேரி, வத்தல்மலை, கோட்டூர்மலை, பெட்டமுகிலாளம் என தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மலை ஊர்ச் சுகாதார நிலையங்களில் எங்கே ஆள் குறைந்தாலும் கீழே இருந்து ஒரு சிஸ்டரை மாற்றுப்பணியில் ஏற்றி விடுகிறார்கள். பலர் 11 மாத ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வந்த பிள்ளைகள். வேலை தெரிந்தவர்கள்தான். முன்பு இருந்தவர் மனதில் வைத்திருந்த விவரம் கைமாறாமல் போவதால்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் நாள் ஓபி சீட்டு எழுத உட்காரும் முன், அடுத்த 60 நாளில் பிரசவத் தேதி உள்ள தாய்மார்களைத் தனித்தாளில் எழுதுங்கள். முந்தைய சிசேரியன், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல், இரட்டைக் கரு, இவர்களைச் சிவப்பு மையில் சுழியுங்கள். அதன்பிறகு ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவு) ஒரு ஊரில் இருக்கும், பெண் தாய்வீடு போயிருப்பார். பதிவேட்டில் இருப்பது வீட்டுக்காரர் நம்பர். அவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், இடுப்புவலி வந்த சேதியே அவருக்குத் தாமதமாகத்தான் போகும். அதனால் ஒவ்வொரு கொட்டாய்க்கும் (சிறு குடியிருப்புக்கும்), எப்போதும் ஊரிலேயே இருக்கும் ஒருவருடைய நம்பர் வேண்டும். அங்கன்வாடி ஊழியர், பால் ஊற்றுகிறவர், யாராக இருந்தாலும் சரி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போகிற தன்னார்வலர் அக்காவோடு முதல் வாரமே வீடு வீடாக நடந்து விடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சிஸ்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் அந்த அக்காவுக்குத்தான் எல்லா வீடும் தெரியும்.

மருந்தாளுநர், பாலக்கோடு

தடுப்பூசி பற்றி நான் சேர்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அவசரத்தில் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே கேரியரில் (தடுப்பூசி எடுத்துப் போகும் குளிர்ப் பெட்டியில்) அடுக்கி விடுகிறார்கள். பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), டிடி (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி), ஹெபடைட்டிஸ் பி மூன்றும் உறைந்தால் கெட்டுப்போகும். வெளியே பார்த்தால் நல்ல மருந்து போலவே இருக்கும், குப்பியின் மேல் ஒட்டியுள்ள விவிஎம்மும் (நிறம் மாறும் அடையாளமும்) காட்டிக் கொடுக்காது. அது வெப்பத்தை மட்டுமே கணக்கு வைக்கும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகே நான்கு பேக்கையும் கேரியரில் அடுக்க வேண்டும். மலையேறும் அன்று இதற்காக முன்கூட்டியே எழுந்துதான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

ஐஎல்ஆர் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலை மாலை இரண்டு வேளையும் பார்த்து எழுத வேண்டும். பொறுப்பேற்கும்போது பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே எண் இருந்தால் யாரும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் ஷேக் டெஸ்ட் செய்யுங்கள், அதாவது குலுக்கி வைத்து படிவு இறங்குகிற வேகத்தைப் பாருங்கள்.

எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி), பிசிஜி (காசநோய் ஊசி) இரண்டும் கரைத்து 4 மணி நேரம்தான். குழந்தை கண்ணெதிரே வந்த பிறகு கரையுங்கள். எந்த நேரத்தில் கரைத்தீர்கள் என்று குப்பி மேலேயே எழுதுங்கள்.

மருத்துவ அலுவலர், பென்னாகரம் வட்டாரம்

தற்காலிக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாம்புக்கடியில் விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் ஏஎஸ்வி (பாம்பு விஷமுறி மருந்து) முதல் டோஸ் கொடுக்காமல் தர்மபுரிக்கு அனுப்பாதீர்கள். ஆம்புலன்ஸ் இறங்கிப் போகிற நேரத்தில் ரத்தம் உறையும் சக்தி போய்விடும், அல்லது மூச்சுத் தசை படுத்துவிடும்.

நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ தவறான முடிவு காட்டும். பல இடங்களில் கண்ணாடிக் குழாயே இருக்காது, சேர்ந்த அன்றே தேடுங்கள். ஏஎஸ்வி 10 குப்பி. ஒவ்வொன்றையும் 10 மி.லி. தண்ணீரில் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, சலைனில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள். குலுக்கினால் நுரைத்து விடும். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடையைப் பார்ப்பதில்லை. ஏஎஸ்வி ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் 0.5 மி.கி. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். குழந்தையென்றால் எடைக்குத் தகுந்தபடி.

விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறவரின் இமை தொங்குகிறதா என்று பாருங்கள். தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல் தடமே தெரியாமல் போகலாம். தசை தளர்ந்தால் கொடுக்கிற நியோஸ்டிக்மின், அதோடு சேர்க்கிற அட்ரோபின், மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக் மூன்றும் எந்த அலமாரியில் என்று இரவுப்பணி சிஸ்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 10 குப்பி செலவானால் அன்றே இன்டென்ட் (மருந்து கேட்புச் சீட்டு) போடுங்கள். அடுத்த கடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

கிராம சுகாதார செவிலியர், தளி

எங்கள் பக்கம் மொழியில்தான் முதலில் வழுக்கும். "கடுப்பு நொப்பி" என்று ஒரு பாட்டி சொன்னால் அது தெலுங்கில் வயிற்றுவலி. நீர்க்கடுப்பு என்று நினைத்துச் சீட்டு எழுதி விடாதீர்கள். கன்னடத்தில் வலி "நோவு", கர்ப்பிணி "பசுரி". இருபது சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டாலே ஓபியில் பாதிக் குழப்பம் தீரும்.

அஞ்செட்டி சாலையில் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு டூவீலரில் கிளம்ப வேண்டாம். ஒப்புக்கொள்ளும் முன்பே குவார்ட்டர்ஸ் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பணியில் சேர்ந்த அறிக்கையும் பழைய இடத்து விடுவிப்பு உத்தரவும் கையில் இல்லாவிட்டால் சம்பளம் இழுத்துக்கொண்டே போகும். இரண்டுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர், அரூர்

தளி சிஸ்டர் சொன்ன மொழி விஷயம் என் நினைவுக்கு வரவில்லை, நன்றிங்க. இன்னும் இரண்டு சேதி.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் 10 ஆம்பூல், ஒரு பக்கப் பிட்டத்துக்கு 5 கிராம் வீதம் இரு பக்கமும் ஆழமாகப் போட்டுவிட்டு 108-ல் ஏற்ற வேண்டும். ஆம்பூல் ஒன்று 2 மி.லி., அதில் 1 கிராம். பத்தையும் ஒரே டப்பாவில், பிரசவ மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசினைக் குளிர்பெட்டியை விட்டு வெளியே தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்தது அதிகாரிகளுக்கு. வாரத்துக்கு ஒரு சிஸ்டர் என்று சுழற்றி அனுப்பாதீர்கள். ரத்தசோகைத் தாய்க்கு அயர்ன் சுக்ரோஸ் (இரும்புச்சத்து மருந்து) 200 மி.கி. வீதம் ஒன்றுவிட்ட நாளில் பல தவணை ஏற்ற வேண்டும். திங்களன்று ஏற்றியவர் சனிக்கிழமை இறங்கிப் போனால், வந்தவருக்கு எத்தனையாவது தவணை என்பதே தெரியாது. தாயும் மலை இறங்கி மறுபடி வரமாட்டார். மூன்று மாதமாவது ஒரே ஆளைப் போடுங்கள். மாற்றும்போது பழையவரும் புதியவரும் இரண்டு நாள் சேர்ந்து இருக்கும்படி உத்தரவிலேயே எழுதுங்கள். அந்த இரண்டு நாளில் சிவப்பு மை சுழித்த ஒவ்வொரு வீட்டுக்கும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும்.