35 ஐபியு கணக்கு போட்டும் பீரில் கசப்பு ஏறவில்லை: ஹாப்ஸில் என்ன கோளாறு?

நுரைப்பிரியன்:
வணக்கம். வீட்டில் வடித்த பேல் ஏல் வகை பீர், 20 லிட்டர், வோர்ட்டின் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) அடர்த்தி 1.050. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) பெல்லட் பாக்கெட்டில், அதாவது அரைத்து அழுத்திய குளிகை பாக்கெட்டில், கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 10% என்று போட்டிருந்தது. 30 கிராம் எடுத்து 60 நிமிடம் கொதிக்கவிட்டேன். கசப்பைக் கணிக்கும் டின்செத் சூத்திரப்படி 35 ஐபியு (பீரின் கசப்பு அலகு, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள்) வர வேண்டும். குடித்தால் மால்ட்டின் இனிப்புதான் முன்னால் நிற்கிறது. நுரையும் ஊற்றிய கையோடு அடங்கிவிடுகிறது. சரி, கசப்பு ஏறட்டும் என்று நொதித்து முடிந்ததில் பாதியை மட்டும் பிரித்து, அதே பெல்லட்டை ட்ரை ஹாப் (கொதிக்கவைக்காமல் நேராகப் பீரில்) போட்டேன். அதில் கசப்பு வந்தது, ஆனால் நாக்கின் பின்பக்கம் சொரசொரவென்று நிற்கிறது. முதல் கசப்பு எங்கே போனது? கொதிக்கவே இல்லாத ஹாப்ஸிலிருந்து இந்தக் கசப்பு எப்படி வந்தது?

கொப்பரை:
பாக்கெட் புதுசா, ஏற்கெனவே பிரித்ததா? கொதி தளதளவென்று இருந்ததா, ஓரத்தில் குமிழ் மட்டும்தானா? பெல்லட்டைப் பையில் கட்டிப் போட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் ரெசிபியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நுரைப்பிரியன்:
பிரித்த பாக்கெட்தான். ஜிப் கவரில் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தது. முகர்ந்தால் லேசாகச் சீஸ் வாடை. பொங்கிவிடுமோ என்று மிதமாகத்தான் கொதிக்கவிட்டேன். பையில் இறுக்கிக் கட்டிப் போட்டேன்.

வளையம்ஐந்து:
சீஸ் வாடை என்றதுமே பாதி புரிந்துவிட்டது. ஹியூமுலோன், கோஹியூமுலோன், அட்ஹியூமுலோன் மூன்றும்தான் முக்கிய ஆல்ஃபா அமிலங்கள். காற்று பட்டு இவை சிதையும்போது பக்கச்சங்கிலியிலிருந்து ஐசோவலெரிக் அமிலம் போன்றவை பிரிந்து வரும். அந்த நாற்றம்தான் அது. பாக்கெட்டில் அச்சிட்ட 10% அது புதிதாக இருந்தபோது அளந்த எண். இப்போது 6% தான் மிச்சம் என்று வைத்து அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 21 ஐபியுதான் வரும்.

ஆல்ஃபா அமிலம் அப்படியே பீரில் சரியாகக் கரையாது, கசப்பும் சொற்பம். கொதியில் அதன் ஆறு கார்பன் வளையம் ஐந்தாகச் சுருங்கி ஐசோ-ஆல்ஃபா அமிலமாகிறது. பீரின் கசப்பு பெரும்பாலும் இதுதான். ஓர் அணு கூடுவதில்லை, ஓர் அணு குறைவதில்லை, அடுக்கிய விதம் மட்டும் மாறுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வினை இது. 80 டிகிரிக்குக் கீழே பெயருக்குத்தான் நடக்கும். மிதமான கொதியிலும் சூடு 100ஐ ஒட்டியே இருக்கும் என்பதால் உங்கள் குறை சூட்டில் இல்லை. இறுக்கிக் கட்டிய பைக்குள் பெல்லட் ஊதி அடைத்துக்கொள்ள, வோர்ட் உள்ளே புகுந்து வெளியே வரவில்லை. அங்கேதான் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். மீதி வழக்கமான இழப்பு: புரதக் கசடோடு கொஞ்சம், ஈஸ்ட்டின் மேல் ஒட்டிக் கொஞ்சம், நொதிக்கும் நுரையோடு தொட்டிச் சுவரில் கொஞ்சம். போட்ட ஆல்ஃபாவில் மூன்றில் ஒரு பங்கு கிளாஸுக்கு வந்தாலே பெரிது.

நுரை நிற்காததற்கும் இதில் பங்குண்டு. மால்ட் புரதத்தோடு ஐசோ-ஆல்ஃபா சேர்ந்துதான் குமிழின் தோலை உறுதியாக்குகிறது.

கொப்பரை:
கிளாஸில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை அடங்கும். அதையும் ஒரு கை பாருங்கள்.

பச்சைக்கூம்பு:
ட்ரை ஹாப் கேள்விக்கு நான் வருகிறேன். ஆல்ஃபா அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஹியூமுலினோன் உருவாகும். இது குளிர்ந்த பீரிலேயே கரையும். கசப்பு ஐசோ-ஆல்ஃபாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பீட்டா அமிலமான லூபுலோன் அப்படியே இருந்தால் பீரில் கரைவதே அபூர்வம், ஆனால் ஆக்சிஜனேற்றத்தில் ஹூலுபோனாகிக் கசக்கத் தொடங்கிவிடும். பிரித்து வைத்த பெல்லட்டில் இரண்டுக்கும் குறைவிருக்காது. சொரசொரப்புக்கு மட்டும் நான் இலைத் துணுக்குகளிலிருந்து வரும் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆய்வகத்தில் கொடுத்தால் அந்தப் பாதிக்கு ஐபியு கூடியிருப்பதாகத்தான் காட்டும். பீரை அமிலமாக்கி, ஐசோ-ஆக்டேன் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, 275 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து 50ஆல் பெருக்குவார்கள். அந்த அலைநீளத்தை ஹியூமுலினோனும் உறிஞ்சும். கருவிக்கு எல்லாம் ஒன்றுதான், நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நுரைப்பிரியன்:
இப்போது புரிகிறது. ட்ரை ஹாப் போடாத 10 லிட்டரைக் காப்பாற்ற வழியுண்டா? மிச்ச பெல்லட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஊற்றினால்?

வளையம்ஐந்து:
வேண்டாம், சீஸ் வாடையும் சேர்ந்து இறங்கும். ஐசோமராக்கிய (ஆல்ஃபாவை ஏற்கெனவே ஐசோ-ஆல்ஃபாவாக மாற்றிய) ஹாப்ஸ் சாறு கிடைத்தால் அதைச் சேருங்கள். 30% கரைசலில் அரை மில்லி சுமார் 150 மில்லிகிராம். 10 லிட்டரில் முழுதும் கரைந்தால் 15 ஐபியு ஏறும், நடைமுறையில் சற்றுக் குறையும். மொத்தமாக ஊற்றாமல் ஒரு கிளாஸில் நீர்த்த துளி விட்டுச் சுவை பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். எந்த பாட்டிலில் அடைக்கப்போகிறீர்கள்?

நுரைப்பிரியன்:
வெள்ளைக் கண்ணாடி பாட்டில்.

பச்சைக்கூம்பு:
ஐயோ, அதை மாற்றுங்கள். பீரில் உள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளிச்சத்தை வாங்கி ஐசோ-ஆல்ஃபாவின் பக்கச்சங்கிலியை உடைக்கும். உடைந்த துண்டோடு கந்தகம் சேர்ந்தால் 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற நாற்றப் பொருள் வரும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு சுளிக்கும். வெள்ளை பாட்டிலில் விற்கும் பீர்களில் சில டெட்ராஹைட்ரோ போன்ற ஹைட்ரஜனேற்றிய ஐசோ-ஆல்ஃபா வகையைப் போட்டுத் தப்பிக்கின்றன. உங்களுடையது சாதாரண ஐசோ-ஆல்ஃபா, அதனால் பழுப்பு பாட்டில்தான். அதுவும் கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள்.